நாலு பேர் சேர்ந்து வெளியே போய் வரைவதில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இது: "வீட்டில் புகைப்படத்தைப் பார்த்து ஓரளவுக்கு வரைவேன். நண்பர்கள் சிலர் வெளியிடங்களுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்து ஸ்கெட்ச் செய்கிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். வரைவது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலைதானே? கூட்டமாகப் போனால் பேச்சுதானே நடக்கும்? போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்ப்பார்களே என்று கூச்சமாகவும் இருக்கிறது. போகலாமா?"

போங்கள். உங்கள் சந்தேகங்களில் ஒன்று பாதி சரி, இன்னொன்று நேர்மாறு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பேச்சு நடக்கும், ஆனால் போகும்போதும் திரும்பும்போதும்தான். இடம் பார்த்து, பையைத் திறந்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்த சிறிது நேரத்தில் சத்தம் தானாக அடங்கிவிடும். பிறகு "அந்த பிரஷ்ஷைக் கொஞ்சம் கொடு", "தண்ணி இருக்கா" என்பதைத் தாண்டி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லாமல், ஃபோனையும் நோண்டாமல், பிடித்தவர்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா இருப்பதற்கு நமக்கு வேறு சந்தர்ப்பமே இல்லை. என்னைக் கேட்டால் இந்த வேலையின் முதல் சுகமே இந்த மௌனம்தான். வரைவது அதற்கு ஒரு நல்ல சாக்கு.

இந்த மௌனத்தில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. 2014-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் சாக்லேட் சாப்பிடுகிறார். பக்கத்தில் இருப்பவர் ஒரு முறை அதே சாக்லேட்டைச் சாப்பிடுகிறார், இன்னொரு முறை வேறு வேலையில் இருக்கிறார். இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவரும் அதையே சாப்பிடுகிறார் என்று தெரிந்தபோது சாக்லேட் கூடுதலாகப் பிடித்தது என்றார்கள். ஒரு வார்த்தை பரிமாறாமலே, சேர்ந்து அனுபவிப்பது அனுபவத்தைக் கூட்டுகிறது. ஒரே மரத்தை, ஒரே வெயிலை நாலு பேர் ஒரே நேரத்தில் உற்றுப் பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும் என்பது என் ஊகம். அதே சோதனையில் கசப்பான சாக்லேட்டைக் கொடுத்தபோது, சேர்ந்து சாப்பிட்டவர்களுக்கு அது இன்னும் மோசமாக இருந்ததாம். அதனால் நிழலில்லாத, உட்கார இடமில்லாத இடத்துக்கு நண்பர்களை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். எரிச்சலும் அதேபோல் பெருகும்.

கூச்ச விஷயத்தில்தான் நீங்கள் நேர்மாறாக நினைக்கிறீர்கள். பொது இடத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு கட்டடத்தையே வெறித்துப் பார்த்துக் குறிப்பெடுக்கும் ஆளைக் கண்டால் யாருக்கும் கொஞ்சம் சந்தேகம் வரும். "இவர் ஏன் நம்ம வீட்டைப் பார்க்கிறார்?" என்பார்கள், காவலாளி வந்து விசாரிப்பார். கையில் ஸ்கெட்ச்புக்கோடு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தால் விஷயம் பார்த்தவுடனே புரிந்துவிடும். எட்டிப் பார்ப்பவரின் பார்வையும் நாலாகப் பிரிந்துபோகும். குழுவில் பெரும்பாலும் நன்றாக வரைகிற ஒருவர் இருப்பார். கூட்டம் மொத்தமும் அவர் பின்னால் போய் நின்றுகொள்ளும், நீங்கள் நிம்மதியாகக் கிறுக்கலாம். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல, புதிதாக வருகிறவர்களுக்கு உண்மையிலேயே உதவுகிற விஷயம். அப்படியும் கூச்சம் போகவில்லையென்றால் சுவரையோ தூணையோ ஒட்டி உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்க இடமில்லாவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

எட்டிப் பார்க்கிறவர்கள் அநேகமாக நல்லவர்கள். "விற்கவா?", "பரீட்சையா?", "இதை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்ற மூன்று கேள்விகளுக்குள் எல்லாம் அடங்கிவிடும். குழந்தைகள் மட்டும்தான் "ஜன்னல் ஒண்ணு குறையுது" என்று நேராகச் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

தனியாகப் போகத் தயங்கும் இடங்களுக்கு, தயங்கும் நேரத்தில் போக முடிவதும் கூட்டத்தால்தான். பெண் நண்பர்கள் பலர் இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வார்கள். கண் காகிதத்துக்கும் எதிரே உள்ள காட்சிக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கும்போது பையையும் சுற்றுப்புறத்தையும் கவனிக்க முடியாது. நாலு பேரில் ஒருவராவது தலை நிமிர்ந்திருப்பார்.

அடுத்து, வரைவது தனியாகச் செய்கிற வேலை என்கிறீர்கள். அறைக்குள் வரைந்த காலத்தில் அது உண்மையாக இருக்கலாம். வெளியே போய் எண்ணெய் வண்ணத்தில் வரைவது பரவலானதற்கு ஒரு சின்னக் கண்டுபிடிப்பும் காரணம். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கிப் பயன்படுத்தும் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை கலந்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்திருந்தார்கள். குத்தித் துளைபோட்டுப் பிதுக்க வேண்டும், சரியாக மூட முடியாது, வழியில் வெடித்தாலும் வெடிக்கும். டியூப் வந்த பிறகு வண்ணம் பைக்குள் அடங்கியது. ஓவியர்கள் வெளியே கிளம்பினார்கள், ஜோடி ஜோடியாகவும் கிளம்பினார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1869-ஆம் ஆண்டுக் கோடை. பாரிஸுக்கு மேற்கே செய்ன் நதியில் லா கிரெனூயேர் என்ற குளியல் துறை. மோனே, ரெனுவார் என்ற இரண்டு பிரெஞ்சு ஓவியர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதை வரைந்தார்கள். இருவருக்கும் அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, கையில் காசும் இல்லை. நடுவில் ஒற்றை மரம் நிற்கும் குட்டித் தீவு, அதற்குப் போகும் ஒடுங்கிய பலகைப் பாலம், முன்னால் கட்டிவைத்த படகுகள். இரண்டு படங்களிலும் இவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் மோனேயின் படத்தில் கண் போய் நிற்பது தண்ணீரில். கறுப்பும் வெளிர்நீலமும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகப் படுக்கைக் கோடுகள். தீவில் நிற்பவர்கள் ஒன்றிரண்டு தீற்றல்கள், அவ்வளவுதான். ரெனுவார் அதே தீவை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார். அவருக்கு மனிதர்கள் வேண்டும், உடுப்பின் மடிப்பும் தொப்பியும் வேண்டும். தூரிகையும் மெத்தென்று போகிறது. மோனேயின் படம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் ரெனுவாரின் படம் ஸ்டாக்ஹோமின் தேசிய அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. இணையத்தில் இரண்டையும் தேடி எடுத்து ஒரே திரையில் அருகருகே வைத்துப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு நல்ல படங்கள். சேர்த்துப் பார்த்தால் இரண்டு பேர் தெரிவார்கள்.

நண்பர்களோடு போவதன் பெரிய சுகம் இதே விஷயம்தான், நம் அளவுக்குச் சிறியதாக. வரைந்து முடித்ததும் எல்லோரும் ஸ்கெட்ச்புக்கைத் திறந்து தரையிலோ திண்ணையிலோ வரிசையாகப் பரப்பிவைப்பது உலகம் முழுக்க ஸ்கெட்ச் குழுக்களில் இருக்கும் பழக்கம். சுற்றி நின்று குனிந்து பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் போவேன். எதிரே இருந்தது ஒரே பழைய மாடி வீடுதான். ஒருவர் வீட்டை விட்டுவிட்டு அதன் குறுக்கே ஓடும் மின்கம்பிச் சிக்கலை மட்டும் வரைந்திருப்பார். கட்டடக்கலை படித்த நண்பர் ஜன்னல் வளைவுகளை எண்ணி, அளந்து, நிழலே இல்லாமல் வரைந்திருப்பார். இன்னொருவர் கோடே போடாமல், நிழலில் இருக்கிற பக்கம் முழுவதையும் ஒரே நீல வாஷில், அதாவது தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சில், நிரப்பி, வெயில் படும் பக்கத்தை வெறும் காகிதமாக விட்டிருப்பார். தூரத்தில் நின்று பார்த்தால் அதுதான் அந்த வீடு போலவே இருக்கும். நீங்கள் வாசல்படியில் தூங்கிய பூனையை வரைந்திருப்பீர்கள். "பூனை இருந்துச்சா?" என்று மற்ற மூவரும் கேட்பார்கள். இரண்டு மணி நேரம் அந்த வாசலைப் பார்த்தவர்கள்தான் அவர்களும்.

வகுப்பில் ஆசிரியர் சொல்லித் தராத பல விஷயங்கள் இங்கே பிடிபடும். அந்த ஒற்றை நீல வாஷைப் பார்த்தவுடன் உங்களுக்குக் கை அரிக்கும், அடுத்த தடவை முயன்றும் பார்ப்பீர்கள். புத்தகத்தில் வரும் செய்முறைப் படத்தில் அந்தக் காட்சியை நாம் பார்த்ததில்லை, முடிவை மட்டும்தான் பார்க்கிறோம். இங்கே காட்சி உங்கள் கண்ணெதிரே இருக்கிறது, அதே பிரச்சினையோடு நீங்களும் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். அதனால் பக்கத்து ஆள் அதை எப்படித் தீர்த்தார் என்பது ஒரே பார்வையில் மண்டையில் ஏறிவிடும்.

பரப்பிவைக்கும் நேரத்துக்கு ஒரே ஒரு நாகரிகம் உண்டு: கேட்காதவரைக்கும் குறை சொல்லக் கூடாது. "இந்தத் தூண் சாஞ்சிருக்கே" என்று சொல்ல வேண்டியதே இல்லை, வரைந்தவருக்கு அது எப்போதோ தெரியும். "இந்தப் பச்சையை எப்படிக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டால் பேச்சு ஓடும். தன் படத்தைத் தானே திட்டிக்கொண்டே பரப்புவதும் அலுப்பூட்டும் பழக்கம். மற்றவர்கள் சமாதானம் சொல்லியே களைத்துப்போவார்கள்.

இன்னொரு சுகம், நண்பர்களையே வரைவது. தெருவில் போகிறவர்கள் நிற்க மாட்டார்கள், உட்கார்ந்திருப்பவர் நீங்கள் பார்ப்பது தெரிந்ததும் விறைத்துக்கொள்வார். வரைந்துகொண்டிருக்கும் நண்பர் அப்படியல்ல. குனிந்த கழுத்து, மடியில் புத்தகம், அரை மணி நேரம் அசையாத முதுகு. இதைவிட நல்ல மாடல் கிடைக்காது, நீங்கள் வரைவது அவருக்குத் தெரியவும் தெரியாது. பெரிய ஓவியர்களும் இதை விட்டுவைக்கவில்லை. மோனே தன் தோட்டத்தில் நின்று வரைவதை 1873-இல் ரெனுவார் வரைந்தார். 1885 வாக்கில், காட்டின் ஓரத்தில் உட்கார்ந்து வரையும் அதே மோனேயை சார்ஜென்ட் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்தார். உருவம் வரைய வராது என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: நண்பரின் முதுகில் ஆரம்பியுங்கள். முகம் வரைய வேண்டியதில்லை, தலைக்கும் தோளுக்கும் உள்ள சாய்வு பிடிபட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சேர்ந்து வரைந்தால் நட்பு வளரும் என்று உத்தரவாதமெல்லாம் தர மாட்டேன். 1888 இலையுதிர்காலத்தில் தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரில் வான் கோ, கோகன் என்ற இரண்டு ஓவியர்கள் ஒரே இடத்துக்குப் போய் வரைந்தார்கள். கண்முன் இருப்பதைப் பார்த்து வரைய வேண்டும் என்பது முன்னவர் கட்சி, நினைவிலிருந்து வரை என்பது பின்னவர் கட்சி. டிசம்பருக்குள் வான் கோ தன் காதையே அறுத்துக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது. ஒரே வீட்டில் தங்கியதுதான் வினையென்று நான் நினைக்கிறேன். நாம் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம்.

புகைப்படத்தைப் பார்த்தே பழகியிருக்கிறீர்கள் என்பதால், நேரில் வரையும்போது எது மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை எல்லாமே அதிகமாகத் தெரியும். புகைப்படத்தில் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், இங்கே எங்கே வெட்டுவது என்பது உங்கள் முடிவு. இரண்டு கை விரல்களாலும் சதுரம் கட்டிப் பாருங்கள், பழைய வித்தைதான், இன்னும் பலிக்கிறது. அடுத்தது வெளிச்சம். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் நிழல் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போயிருக்கும். ஆகவே உட்கார்ந்தவுடன் நிழலின் எல்லையை பென்சிலால் லேசாகக் குறித்துவிட்டு, பிறகு வெயில் என்ன செய்தாலும் அந்தக் குறியை மாற்றாமல் இருக்க வேண்டும். நிழல் நகர நகரத் திருத்திக்கொண்டே போனால் படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

கண்மட்டம் இன்னொரு விஷயம், இதைக் கூட்டத்தில்தான் சட்டென்று புரிந்துகொள்ள முடியும். சமதளத்தில் நின்றுகொண்டு பார்த்தால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்களும், பக்கத்தில் இருப்பவரானாலும் தெருக்கோடியில் இருப்பவரானாலும், ஒரே படுக்கைக் கோட்டில் இருக்கும். தூரத்து ஆளின் கால்தான் மேலே ஏறும், தலை இறங்காது. தாழ்வான மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் அந்தக் கோடு நிற்பவர்களின் இடுப்புக்கோ நெஞ்சுக்கோ வந்துவிடும், தூரத்து ஆட்களின் தலைகள் படிப்படியாக இறங்கும். நின்று வரைந்த நண்பரின் படத்தையும் உட்கார்ந்து வரைந்த உங்கள் படத்தையும் அருகருகே வைத்தால் பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தைத் தாளில் காட்டும் முறை, அந்தப் பாடத்தில் பாதி முடிந்தது.

"ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வீட்டில் வரைந்தால் ஆகாதா" என்று தோன்றும். ஆகும், ஆனால் கிடைப்பது வேறு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹென்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் புகைப்படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அவை குறைவாகவே நினைவில் நின்றன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் விட்டுவிடுகிறது போலும். வரைவது அதற்கு எதிர்த்திசை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல், சொற்களை எழுதிவைத்தவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்களுக்கு நன்றாக நினைவிருப்பதைக் காட்டினார்கள். ஸ்பாட்டில் வரைந்த பழைய பக்கத்தைத் திறந்தால் எனக்கு அந்தப் படம் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. எந்தப் பக்கம் காற்றடித்தது, யார் இடதுபுறம் உட்கார்ந்திருந்தார், எந்தக் கோட்டைப் போடும்போது எல்லோரும் எதற்காகச் சிரித்தோம், அதுவும் சேர்ந்தே வரும்.

பொருள்களைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. ஏ5 அளவில் கெட்டி அட்டை போட்ட ஸ்கெட்ச்புக், வாட்டர்கலர் போடுவதாக இருந்தால் 200 ஜி.எஸ்.எம்-க்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) குறையாத தாள், ஒரு பென்சில், ஒரு பேனா, 12 வண்ணம் உள்ள சின்னப் பெட்டி, தண்ணீரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வாட்டர்பிரஷ் ஒன்று, காற்றில் பக்கம் புரளாமலிருக்க இரண்டு கிளிப். இதற்கு மேல் சுமந்தால் வரைவதைவிடப் பரப்பி அடுக்குவதிலேயே நேரம் போகும். அங்கேயே வண்ணம் போட்டு முடித்தாக வேண்டும் என்றும் இல்லை. ஆங்கிலேய ஓவியர் டர்னர் பயணங்களில் பெரும்பாலும் பென்சிலால் குறித்துக்கொண்டு, வண்ணத்தைப் பிறகுதான் சேர்ப்பார். அவருடைய ஸ்கெட்ச்புக்குகள் ஏறத்தாழ 300 லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

குழு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்றால், நாலிலிருந்து ஆறு பேர் என்பது என் கட்சி. அதற்கு மேல் போனால் எங்கே உட்காருவது என்று முடிவெடுக்கவே அரை மணி நேரம் ஆகிறது, வழியையும் அடைத்துக்கொள்கிறோம். வேகம் ஆளுக்கு ஆள் மாறும். இருபது நிமிடத்தில் முடிக்கிறவர் அடுத்தவர் தலைக்கு மேல் வந்து நின்று "முடிஞ்சுதா?" என்றால் எல்லாம் கெட்டது. கிளம்பும்போதே "இத்தனை மணிக்கு இந்த இடத்தில் கூடுவோம்" என்று முடிவு செய்துவிட்டால் வேகமானவர் நாலு படம் போடுவார், நிதானமானவர் ஒன்றைப் போடுவார், யாருக்கும் தொந்தரவில்லை. முடியாத படத்தையும் பரப்பிவைக்க வேண்டும் என்பதை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் "இன்னும் முடிக்கலை" என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

உங்கள் நண்பர்கள் ஏதோ அபூர்வமான வேலை செய்யவில்லை. அனிமேஷன் கலைஞர் என்ரிகோ கஸரோஸா 2004-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஸ்கெட்ச்கிரால், ஒரு நாள் முழுக்க நடந்து நடந்து வரைவது, பிறகு பல நாடுகளில் ஒரே நாளில் நடக்கும் வழக்கமாயிற்று. சியாட்டிலில் பத்திரிகையாளராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் இணையத்தில் தொடங்கிய சிறு குழுதான் இன்று உலகெங்கும் கிளைகள் உள்ள அர்பன் ஸ்கெட்சர்ஸ். அவர்களின் எட்டு அம்சக் கொள்கையில் முதலாவது, இடத்திலேயே இருந்து நேரில் பார்த்து வரைவது. ஒருவரையொருவர் ஆதரித்துச் சேர்ந்து வரைவோம் என்பதும் அந்த எட்டில் ஒன்று. அப்படிப்பட்ட பெரிய கூட்டத்துக்கு நேராகப் போவதைவிட, ஏற்கெனவே தெரிந்த நண்பர்களோடு ஆரம்பிப்பது உங்களைப் போல் கூச்சப்படுகிறவர்களுக்கு எளிது.

முதல் நாள் போனதும் நேரே பெரிய படத்தில் இறங்காதீர்கள். ஒரு பக்கத்தை நாலு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஐந்து நிமிடம் என்று கண்ணில் பட்டதை வரைந்தால் கை இளகிவிடும், கூச்சமும் அதற்குள் பாதி போயிருக்கும். பேனா மேல் வாட்டர்கலர் போடுகிற எண்ணம் இருந்தால் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு கோடு போட்டுக் காயவிட்டு, மேலே ஈர பிரஷ்ஷால் தடவிப் பாருங்கள். சாதாரண ஃபவுன்டன் பேனா மை பெரும்பாலும் கரைந்து ஓடும். ஓடாத பிக்மென்ட் மை எது என்று உங்கள் நண்பர்களைக் கேட்டால், ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டை போடுவார்கள்.